பரண்மேல் இருந்த வெடிப்பெட்டி

ஜெபகுமாரின் வீட்டுக்குள் புதிதாக நுழைகிறவர்கள் கூடத்துச் சுவரைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிடுவார்கள். சுவர் முழுக்கத் தொப்பிகள். தோலை இறுக்கிச் செய்த கறுப்புத் தொப்பி, அட்டையை அழுத்தி வார்னீஷ் பூசிய தொப்பி, நெற்றியில் விளக்கு மாட்டக் கொக்கி வைத்த பழைய துணித் தொப்பி. கீழே பலகையில் கார்பைடு விளக்குகள், வலைக்கம்பி போட்ட பித்தளை விளக்கு, இடுப்புவாரில் கோத்த பேட்டரி, எண் அடித்த பித்தளை வில்லைகள். எல்லாம் நிலக்கரிச் சுரங்கத்துச் சாமான்கள். இயேசு படத்துக்கு மூலையில் கொஞ்சம் இடம் கிடைத்திருந்தது.

சுங்குவார்சத்திரத்தில் முனிரத்தினத்தின் ஓட்டு வீட்டில் அவனும் மனைவி ஷெர்லினும் குடியிருந்தார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் அவன் பிட்டர். அதற்கு முன் நாலு வருஷம் கொத்தகூடத்துப் பக்கம் ஒரு சுரங்கத்தில் விளக்கு அறையில் வேலை பார்த்தவன். குழிக்குள் இறங்குகிறவன் வில்லையைக் கொடுத்துவிட்டு விளக்கை வாங்கிப் போவான்; ஏறி வந்தால் விளக்கைக் கொடுத்துவிட்டு வில்லையை வாங்கிக்கொள்வான். அங்கே வேலையை விட்டு வரும்போது போசய்யா என்ற கிழவர் தன் தோல் தொப்பியைக் கொடுத்தார். அதில் பிடித்தது பைத்தியம். ஊருக்கு வந்த பிறகும் புதுப்பேட்டைப் பழைய இரும்புக் கடைகளிலும் ஏலத்திலும் தேடித் தேடிச் சேர்த்தான்.

ஷெர்லின் சர்ச் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணமான புதிதில் இதை வேடிக்கையாகத்தான் பார்த்தாள். மூன்றாம் வருஷம், துணி காயப்போடும் கொடியிலும் இரண்டு தொப்பி தொங்க ஆரம்பித்தபோது சொல்லிவிட்டாள்.

"இனிமே ஒரே ஒரு சாமான் உள்ள வந்தாலும் நான் எங்க அம்மா வூட்டுக்குப் போயிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லல."

அந்த வருஷம் ஈஸ்டர் அன்று, சர்ச்சிலிருந்து வந்த கையோடு, அவன் பைபிளைத் தொட்டு இனி வாங்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தான்.

வாக்கு ஏழு வாரம் நின்றது.

வாலாஜாபாத் பக்கம் ஒரு கல்குவாரியில் வெடி வைக்கிற வேலை பார்த்து ஓய்ந்த மண்ணாங்கட்டி என்ற கிழவரைப் பற்றிக் கம்பெனியில் யாரோ சொன்னார்கள். வாலிபத்தில் வடக்கே ஜரியா சுரங்கத்தில் இருந்தவராம். அங்கிருந்து கொண்டுவந்த தொப்பியும், குவாரியில் வைத்திருந்த வெடிப்பெட்டியும் இன்னும் வீட்டில் இருக்கின்றனவாம். வெடிப்பெட்டி என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து ஜெபகுமாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தொண்ணூற்றொன்று மே மாதம் இருபத்தோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, முதல் ஷிப்டு முடிந்ததும் பஸ் ஏறினான். ஓ.டி. இருக்கிறது, வர நேரமாகும் என்று காலையிலேயே வீட்டில் சொல்லி வைத்திருந்தான்.

கிழவர் லேசில் மசியவில்லை. சாமானை எடுத்துத் தரையில் வைக்கவே இரண்டு மணி நேரம் பழைய கதை பேசினார். தொப்பி முரட்டுத் தோல். நடுவில் சேவல் கொண்டைபோல ஒரு மடிப்பு. பெட்டி தேக்கு மரம். மேலே பித்தளை மூடி, திருகுவதற்கு ஒரு கைப்பிடி, பக்கத்தில் கம்பி மாட்ட இரண்டு முனை. கைப்பிடியைத் திருகினால் உள்ளே இருக்கிற காந்தம் மின்சாரத்தைக் கிளப்பும். கம்பி வழியாக ஓடி வெடியை எழுப்பும். "இப்ப அது செத்த பெட்டி" என்றார் கிழவர். "இருந்தாலும் யாராண்டயும் சொல்லாத நைனா. குவாரிய மூடினப்போ இதெல்லாம் ஒப்படைக்கணும்னு சொன்னாங்கோ. நான் குடுக்கல."

"உங்க பேரு என் வாயில வராது" என்று ஜெபகுமார் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான்.

பேரமும் சாப்பாடும் முடிந்து இரவு பதினொரு மணிக்குமேல் பேருந்து நிலையத்துக்குப் போனால் பஸ் இல்லை. ஸ்ரீபெரும்புதூர்த் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்துத் தலைவர் செத்துப்போனார் என்ற செய்தி ஊரெல்லாம் பரவிக் கடைகள் சாத்திவிட்டன. கிழவர் வீட்டிலேயே படுத்தான். விடிந்தும் ஒரு வண்டியும் ஓடவில்லை. சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் நடந்து, மதியம் வீடு வந்து சேர்ந்தான்.

ஷெர்லின் வாசலிலேயே நின்றிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "எங்க போயிட்டீங்க?"

"கம்பெனியிலயே இருக்கச் சொல்லிட்டாங்க. பஸ்ஸு ஏது?"

"இது இன்னா சாக்குல?"

"பம்பு மோட்டாரு. பிரெண்டுது. ரிப்பேருக்கு."

அவள் குளிக்கத் தண்ணீர் எடுக்கப் போனபோது சாக்கைப் பரண்மேல் ஏற்றி, பழைய பாய்க்குப் பின்னால் தள்ளினான்.

அதற்குப் பிறகு அந்த வட்டாரமே வேறு மாதிரி ஆகிவிட்டது. ரோட்டில் ஜீப்புகள் போய்க்கொண்டேயிருந்தன. டீக்கடையில் புது முகம் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். வீட்டுக்காரர்கள் குடித்தனக்காரர்களின் பெயர், ஊர் எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். குண்டைக் கட்டியிருந்த பெல்ட், பேட்டரி, ஒயர் என்று பத்திரிகைகள் தினமும் எழுதின. ஜெபகுமார் பலகையிலிருந்த பேட்டரி வாரை எடுத்து டிரங்குப் பெட்டிக்குள் போட்டான். பரண் பக்கம் மட்டும் போகவில்லை. இரண்டு மாதம் போகட்டும், எல்லாம் அடங்கியதும் எடுத்துப் பாலீஷ் போடலாம் என்று நினைத்தான்.

ஷெர்லின் அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை. பேச்சும் குறைந்துவிட்டது. ஊரே பயந்து கிடக்கிறது, இவளும் பயப்படுகிறாள் என்றுதான் அவன் எடுத்துக்கொண்டான். ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே, "பரண்மேல அந்தச் சாக்கு இன்னும் கீதே, யாரும் வந்து கேக்கலியா?" என்றாள்.

"எது? கிரைண்டர் மோட்டாரா? வருவான், வருவான்."

அவள் ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

ஜூன் பதினொன்றாம் தேதி காலை, அவன் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பும்போது ஜீப் வந்து நின்றது. ஒரு எஸ்.ஐ., இரண்டு கான்ஸ்டபிள்கள். எஸ்.ஐ. சுவரையும் தொப்பிகளையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு நேராகச் சமையல்கட்டு வாசலில் நின்று அண்ணாந்தார்.

"பாய்க்குப் பின்னால ஒரு சாக்கு இருக்குதாமே. எறக்கு."

ஜெபகுமாரே ஏறி இறக்கினான். கான்ஸ்டபிள் சாக்கை அவிழ்த்ததும் பித்தளைக் கைப்பிடி முதலில் வெளியே வந்தது.

"இன்னாய்யா இது?"

"எக்ஸ்புளோடர் சார். சுரங்கத்துல பாறையில வெடி வெப்பாங்க இல்ல... இதத் திருகினா கரண்டு போயி..." சொல்லிக்கொண்டிருக்கும்போதே தன் வாயிலிருந்து வருகிற வார்த்தைகள் அவன் காதிலேயே விழுந்தன. நிறுத்திக்கொண்டான்.

"சொல்லு, சொல்லு. கரண்டு போயி?"

சுவரில் இருந்தது, பலகையில் இருந்தது, டிரங்குப் பெட்டியில் இருந்தது எல்லாவற்றையும் ஜீப்பில் ஏற்றினார்கள். பேட்டரி வார் டிரங்குப் பெட்டியிலிருந்து வெளியே வந்தபோது எஸ்.ஐ. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஜெபகுமாரை வெகுநேரம் பார்த்தார். ஷெர்லின் கதவோரம் நின்றிருந்தாள். முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். "பயப்படாத" என்று அவன் சொன்னதற்கு அவள் தலையைக்கூட அசைக்கவில்லை. தெருவில் கூடியிருந்தவர்கள் ஜீப்புக்கு வழிவிட்டார்கள். முனிரத்தினமும் அவர் மனைவி சந்திரம்மாளும் தங்கள் வாசலில் நின்று பார்த்தார்கள்.

ஸ்டேஷனில் நாலு நாள். அடிக்கவில்லை. பெஞ்சில் உட்காரவைத்துக் கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். ஒவ்வொரு தொப்பிக்கும் எங்கே, எப்போது, யாரிடம் வாங்கினாய் என்று எழுதினார்கள். கார்பைடு விளக்கை முகர்ந்து பார்த்துவிட்டு ஒருவர் தும்மினார்.

"சரி, எதுக்குச் சேக்கிற?" என்றார் எஸ்.ஐ. இரண்டாம் நாள். "விக்கிறியா?"

"இல்ல சார்."

"சினிமாவுக்கு வாடகைக்கு விடுறியா?"

"இல்ல சார். புடிக்கும் சார்."

அதை எழுதுவதா வேண்டாமா என்று ரைட்டர் எஸ்.ஐ.யின் முகத்தைப் பார்த்தார்.

"மே இருபத்தொண்ணு எங்க இருந்த?"

அந்தக் கேள்விக்கு அவன் வாலாஜாபாத் என்று சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. வாலாஜாபாத்தில் யார் வீட்டில் என்றும் சொல்லவேண்டியிருந்தது. அன்று மாலையே மண்ணாங்கட்டியைக் கூட்டி வந்தார்கள். கிழவர் வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு எதிர் பெஞ்சில் குறுகி உட்கார்ந்தார். இரண்டு நாளும் அவர் ஜெபகுமார் பக்கம் திரும்பவே இல்லை. மே இருபத்தொன்று இரவு ஜெபகுமார் தம் வீட்டில்தான் படுத்திருந்தான் என்பதையும், பெட்டி குவாரியில் இருந்ததையும் அவர் தனியாகச் சொன்னார். அக்கம்பக்கத்திலும் விசாரித்தார்கள். பெட்டியைத் திறந்து பார்க்க ஒருவரை வரவழைத்தார்கள். உள்ளே சுருள் கருகிப்போய் வருஷக்கணக்காகிறது, இதிலிருந்து ஒரு பொறிகூட வராது என்று அவர் எழுதிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை இருவரையும் அனுப்பினார்கள். வெடிப்பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை இரண்டு சாக்கில் கட்டிக் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் ஜெபகுமார், "பெரியவரே..." என்று கூப்பிட்டான். மண்ணாங்கட்டி செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்துவிட்டார்.

யார் சொன்னது? அதுதான் அவனுக்குள் அரித்துக்கொண்டேயிருந்தது. மறுநாள் வேலைக்குப் போனால் லைனில் இரண்டு பேர் அவனோடு சாப்பாட்டுக்கு உட்காரவில்லை. இவன்களில் ஒருவனாக இருக்குமோ? பக்கத்து மெஷின் பாண்டுரங்கன் வழக்கம்போல ஊறுகாயை நீட்டினான். ஏன் இவ்வளவு அன்பு? ஒருவேளை இவனோ? எதிரே வந்த ஒவ்வொரு முகத்தையும் அவன் அந்தக் கேள்வியோடுதான் பார்த்தான். மத்தியானம் போல ஒரு விஷயம் பளிச்சென்று பிடிபட்டது. எஸ்.ஐ. எங்கும் தேடவில்லை. பாய்க்குப் பின்னால் சாக்கு என்று நேராகக் கேட்டார். ஆகவே வீட்டுக்குள் வந்து பரணைப் பார்த்தவன்தான் சொல்லியிருக்க வேண்டும். யார் பார்த்தது? மழைக்கு முன்னால் ஓடு மாற்ற வேண்டும் என்று முனிரத்தினம் ஜூன் முதல் வாரத்தில் ஏணி போட்டு ஏறி அரைநாள் அங்கேதான் இருந்தார். வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஒருமுறை ஜாடையாகப் பேசியதும் நினைவுக்கு வந்தது. எல்லாம் சரியாகப் பொருந்தியது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு அவன் போகவில்லை. ஷெர்லின் திரும்பி வந்து புடவை மாற்றப் போன நேரம், முனிரத்தினம் வேப்பமரத்தடியில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தான். இறங்கிப் போனான்.

"வூட்ட காலி பண்ணணும்னா நேரா சொல்லியிருக்கலாம் இல்ல? எதுக்குப் போலீஸ வுட்டே?"

முனிரத்தினம் துணியோடு நிமிர்ந்தார். "இன்னா ஜெபா பேசற? யாரு போலீஸ வுட்டா?"

"ஏணி போட்டு ஏறினது நீதான? சாக்க பாத்தது நீதான?"

"ஓடு மாத்த ஏறினேன்பா. நீ சாக்குல இன்னா வெச்சிக்கினு இருந்தா எனக்கு இன்னா?"

"பொய் சொல்லாத. காட்டிக் குடுத்த பய நீ." அவன் முனிரத்தினத்தின் சட்டையைப் பிடித்துவிட்டான். அவனைவிட இருபது வயது மூத்தவர். சைக்கிள் சாய்ந்து விழுந்தது. சந்திரம்மாள் கத்திக்கொண்டே ஓடிவந்தாள். தெருவில் போகிறவர்கள் நின்றார்கள்.

"அவர வுடுங்க."

ஷெர்லின் படியில் நின்றிருந்தாள். புடவை பாதி மாற்றியும் மாற்றாமலும் கொசுவத்தைக் கையில் பிடித்திருந்தாள்.

"நீ உள்ள போ ஷெர்லி."

"அவர வுடுங்கன்றேன். அவரு இல்ல. நான்தான் ஸ்டேஷனுக்குப் போனேன்."

அவன் கை தானாக விட்டது. அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்காமல் திரும்பி உள்ளே போனாள்.

உள்ளே அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவன் கதவைச் சாத்திவிட்டு அதன்மேலேயே சாய்ந்து நின்றான்.

"எப்படிடி மனசு வந்துச்சு?"

"அன்னிக்கு ஓ.டி.ன்னீங்க. பாண்டுரங்கன் வூட்டு காவேரிய கடையில பாத்தேன். ஓ.டி.யே இல்ல, எங்க வூட்டுக்காரரு மூணு மணிக்கே வந்துட்டாருன்னாங்க. நீங்க மறுநாள் மத்தியானம் வர்றீங்க. சாக்கு. பம்பு மோட்டாருன்னீங்க. அப்புறம் கேட்டா கிரைண்டர் மோட்டாருன்னீங்க. நீங்க வேலைக்குப் போனப்புறம் ஏறிப் பாத்தேன். மோட்டாரா அது?" அவள் குரல் உயரவில்லை. "பேப்பர்ல தெனமும் பெல்ட்டு, பேட்டரி. நீங்க பெல்ட்ட எடுத்து டிரங்குல ஒளிக்கிறீங்க. நான் பாத்துக்கினேதான் இருந்தேன்."

"என்னைக் கேட்டிருக்கலாம் இல்ல?"

"ரெண்டு வாட்டி கேட்டேன்."

அவனுக்குக் கோபம் இருந்தது. ஆனால் அவள் சொன்னவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வைத்துப் பார்த்தபோது, தான் முனிரத்தினத்தின்மேல் போட்ட கணக்கைவிட அது கெட்டியாக இருந்தது.

"நான் அப்படி செய்றவன்னு நெனச்சியா?"

அவள் யோசித்துத்தான் சொன்னாள். "நெனச்சேன். வெளக்கணச்சா அப்படித்தான் தோணும். காலையில நீங்க கிணத்தடியில பல்லு வெளக்கறத பாத்தா சே, இவரான்னு தோணும். மூணு வாரம். எனக்குப் பைத்தியம் புடிச்சிடும்போல இருந்துச்சு. வந்து பாத்து அது இன்னான்னு மட்டும் சொல்லுங்கன்னுதான் எஸ்.ஐ.கிட்ட சொன்னேன். உங்கள இட்டுக்கினு போவாங்கன்னு தெரியல." அதற்கப்புறம்தான் அழுதாள்.

அவன் பக்கத்தில் போய் உட்காரவில்லை. கதவை விட்டு நகரவும் முடியவில்லை. அங்கே நின்றபடியே, "உனக்கு ஈஸ்டர்ல வாக்குக் குடுத்துட்டு அத வாங்கினேன். அத மறைக்கத்தான்" என்றான்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன்" என்றாள் அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

சாயங்காலம் அவன் போய் முனிரத்தினத்திடம் மன்னிப்புக் கேட்டான். காலில் விழவும் தயாராக இருந்தான். அவர் கையை உதறிவிட்டார். "உன் பொண்டாட்டி சொன்னதால ஆச்சு. இல்லன்னா இந்தத் தெருவுல நான் காட்டிக் குடுத்தவன்தான? அடுத்த மாசம் முடியறதுக்குள்ள வேற வூடு பாத்துக்கோ." சந்திரம்மாள் தண்ணீர்கூடக் கொடுக்காமல் கதவைச் சாத்தினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத்துக்குக் கிளம்பினான். ஷெர்லின் தானும் வருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றான். அவள் கேட்கவில்லை, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். மண்ணாங்கட்டி வீட்டு வாசலில் முறத்தில் உளுந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். அவர்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வேற ஏதாவது கேக்கணுமாமா போலீஸு?"

"இல்லீங்க பெரியவரே. மன்னிப்புக் கேக்க வந்தேன். உங்க பேர சொல்லமாட்டேன்னு சொல்லிட்டு..."

"சொல்லாம எப்படி இருப்ப? அவங்க கேட்டா நானும்தான் சொல்லுவேன்." கிழவர் ஒரு கல்லை எடுத்துத் தூர எறிந்தார். "அது இல்ல. ஊர்ல இப்போ யாரும் என் பக்கத்துல உக்கார மாட்டேன்றானுங்கோ. பேரனுக்குப் பொண்ணு கேட்டு வந்தவங்கோ திரும்பி வர்ல." பிறகு ஷெர்லினைப் பார்த்தார். "இது யாரு?"

"என் சம்சாரம்."

"நான்தான் தாத்தா போலீஸ்ல சொன்னேன்" என்றாள் ஷெர்லின்.

கிழவர் முறத்தைக் கீழே வைத்தார். "நீயா? ஏம்மா, அதுக்கு முன்னால ஒரு நடை என்னாண்ட வந்து கேட்டிருக்கலாமே."

"நீங்க ஒருத்தர் இருக்கிறதே எனக்குத் தெரியாதுங்களே."

மண்ணாங்கட்டி ஜெபகுமார் பக்கம் மெதுவாகத் திரும்பினார். ஸ்டேஷனில் இரண்டு நாள் பார்க்காத முகத்தை இப்போது நன்றாகப் பார்த்தார். "கட்டினவகிட்டகூடவா சொல்லல? நான் ஊராண்டதான்யா சொல்லாதன்னேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அந்தத் தொப்பி உன்கிட்டதான கீது?"

"இருக்குதுங்க."

"திருப்பிக் குடுத்துடு. எனக்கு வேணும்."

ஜெபகுமார் அவ்வளவு நாள் தேடியதில் அதுபோல ஒன்று அகப்பட்டதில்லை. மறுவாரம் கொண்டுவந்து கொடுப்பதாகச் சொன்னான். கொடுக்கவும் செய்தான். கிழவர் அதைத் தலையில் வைத்துப் பார்க்கவில்லை. உள்ளே கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து, "போய் வா" என்றார்.

ஜூலைக் கடைசியில் குன்றத்தூரில் வீடு கிடைத்தது. மலைக் கோயிலுக்குப் போகிற வழியில், மாடியில் ஒரு அறையும் சமையல்கட்டும். புது வீட்டுக்காரம்மாள் முனியம்மாளிடம் சாமான் ஏற்றும் முன்பே ஜெபகுமார் சாக்குகளை அவிழ்த்து ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கினான். அவள் புரிந்தமாதிரி தலையாட்டினாலும், கதவு திறந்திருந்தால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

ஆணி அடிக்க அவன் சுத்தியலை எடுத்தபோது ஷெர்லின் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சாக்குகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இருங்க. மாட்டறதுக்கு முன்னால ஒண்ணொண்ணா சொல்லுங்க. இது இன்னா?"

"பைபர் தொப்பி. அட்டைய அழுத்திச் செஞ்சது. புதுப்பேட்டையில வாங்கினது."

"என்னிக்கு?"

"போன வருஷம் தீபாவளி முடிஞ்சி."

அதைக் கொடுத்தாள். அவன் மாட்டினான். அடுத்தது போசய்யா கொடுத்த தோல் தொப்பி, அடுத்தது வில்லைகள். அவள் ஒன்றையும் விடவில்லை. ஸ்டேஷனில் ரைட்டர் கேட்டதைவிட நுணுக்கமாகக் கேட்டாள். அவனும் சுத்தியலைப் பிடித்தபடி நின்று பதில் சொன்னான். வெயில் ஏறி, அடுப்பில் வைத்த பருப்பு குழைந்து, முனியம்மாள் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பித்தளைக் கார்பைடு விளக்கு ஒன்று கைக்கு வந்தது.

"இது?"

"பிப்ரவரியில. ஒரு சனிக்கிழமை."

"பிப்ரவரி சனிக்கிழமையா? யூனியன் மீட்டிங்குன்னு போனீங்களே, அன்னிக்கா?"

அவன் ஆணியைப் பார்த்தான். "ஆமா. மீட்டிங் இல்ல. புதுப்பேட்டைக்குப் போயிருந்தேன்."

ஷெர்லின் அந்த விளக்கை அவனிடம் கொடுக்கவில்லை. தன் முழங்காலுக்குப் பக்கத்தில் தனியாக வைத்தாள். பிறகு சாக்குக்குள் கையைவிட்டு அடுத்ததை எடுத்தாள்.